தாய்மார் துயரைக் கணக்கெடுத்தவர்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்க ஐக்கிய நாடுகள் செல்வத்தில் பெரிதும் வளர்ந்திருந்தது. வயல்களில் எவ்வளவு கோதுமை விளைந்தது, பண்ணைகளில் எத்தனை பன்றிகள் நோயால் மடிந்தன என்பதற்கெல்லாம் அந்நாட்டு அரசிடம் கணக்கு இருந்தது. ஆனால், ஓர் ஆண்டில் எத்தனை குழந்தைகள் பிறந்தன, அவற்றுள் எத்தனை முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன என்று கேட்டால், நாடு முழுமைக்கும் விடைசொல்ல ஒருவரும் இல்லை. மகப்பேறு வீட்டுக்குள் நிகழ்வது. அதில் தாய் அடையும் அச்சமும் தனிமையும் அவளுடைய தலைவிதி. அரசுக்கு அங்கே வேலை இல்லை என்றே பலரும் எண்ணியிருந்தனர். அந்த எண்ணத்தை மாற்றுவதற்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் ஜூலியா லாத்ரப்.

இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு என்னும் ஊரில் 1858 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் நாள் அவர் பிறந்தார். உடன்பிறந்தோர் ஐவருள் மூத்தவர். தந்தை வில்லியம் லாத்ரப் வழக்கறிஞர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். தாய் அடலின் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று உழைத்தவர். பெண்கல்வி அரிதாயிருந்த அக்காலத்தில் ஜூலியா வாசர் கல்லூரியில் பயின்று 1880 இல் பட்டம் பெற்றார். அதன்பின் பத்தாண்டுகள் தந்தையின் அலுவலகத்தில் பணிபுரிந்தார். சட்டம் எவ்வாறு எழுதப்படுகிறது, எழுதப்பட்ட சட்டம் எங்கே முடங்கிப் போகிறது என்பதை அவர் கற்றுக்கொண்டது அங்கேதான். பட்டத்தைவிட அப்பயிற்சியே அவருக்குப் பின்னர்ப் பெரிதும் கைகொடுத்தது எனலாம்.

முப்பத்திரண்டாம் வயதில் அவர் வீட்டை விட்டுச் சிகாகோ நகருக்குச் சென்றார். அங்கே ஹால்ஸ்டெட் தெருவில் ஜேன் ஆடம்ஸ், எலன் கேட்ஸ் ஸ்டார் என்னும் இரு பெண்கள் 1889 இல் ஹல் ஹவுஸ் என்ற சமூக இல்லத்தைத் தொடங்கியிருந்தனர். இத்தாலி, போலந்து, பொகீமியா, ருசியா முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. படித்த பெண்கள் அம்மக்களுக்கு அண்டைவீட்டாராகவே குடியிருந்து, அவர்களுடைய தேவைகளைக் கண்டறிந்து உதவுவது ஹல் ஹவுஸின் நோக்கம். சமூகப்பணி என்பது ஒரு தொழிலாகவோ கல்வித்துறையாகவோ உருப்பெறாத காலம். செய்யச்செய்யக் கற்பதைத் தவிர வேறு வழியில்லை.

அவ்வாறு கற்ற பாடங்களுள் ஒன்றை ஜேன் ஆடம்ஸ் பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். அண்டையிலிருந்த ஒரு குடியிருப்பில் மணமாகாத இளம்பெண் ஒருத்தி தன்னந்தனியே பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். அவளால் தங்கள் குடியிருப்புக்கே இழுக்கு என்று கருதிய அக்கம்பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்க்கவும் மறுத்தனர். மருத்துவரை அழைத்தால் கட்டணத்தைத் தங்கள் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. செய்தி ஹல் ஹவுஸுக்கு வந்தது. ஜேனும் ஜூலியாவும் ஓடினர். இருவருக்கும் மருத்துவம் தெரியாது. பிள்ளைப்பேற்றைப் பற்றிய முன்னறிவும் இல்லை. ஆயினும் குழந்தை நலமாகப் பிறந்தது. திரும்பி நடந்து வரும்போது, தெரியாத வேலையில் தலையிட்டது வரம்புமீறல் அல்லவா என்று ஜேன் கலங்கினார். ஜூலியா அதை ஏற்கவில்லை. அறியாமையைக் காரணம் காட்டி விலகிநிற்கத் தொடங்குவதென்றால், அதை ஓர் ஏழைப் பெண்ணின் வேதனைக் குரலிலிருந்து தொடங்கலாகாது. கேட்டும் போகாமல் இருந்திருந்தால் அதுவே தீராத இழுக்கு என்பது அவர் வாதம்.

அன்று அப்பெண்ணை வாட்டியது உடல்வேதனை மட்டுமன்று. ஊரார் விலகி நின்றதும் வாட்டியது. மனத்தின் நோயையும் உடலின் நோயையும் வறுமையையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது என்பதை ஜூலியா அடுத்து வந்த ஆண்டுகளில் மேலும் தெளிவாகக் கண்டார். 1893 இல் நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியில் பல்லாயிரவர் வேலையிழந்தனர். உதவி கேட்டு விண்ணப்பித்தவர்களின் வீடுகளுக்கு அவர் நேரில் சென்று நிலைமையை ஆராய்ந்தார். அவ்வாண்டிலேயே ஆளுநர் ஆல்ட்கெல்டு அவரை இல்லினாய் மாநில அறநிலைய வாரியத்தின் உறுப்பினராக அமர்த்தினார். அவ்வாரியத்தில் இடம்பெற்ற முதற்பெண் அவரே.

இல்லினாயில் 102 மாவட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஆதரவற்றோருக்கான இல்லமோ பண்ணையோ இருந்தது. 102 இடங்களுக்கும் ஜூலியா சென்றார். மோட்டார் வண்டிகள் பரவாத காலத்தில், ஊர்ப்புறங்களில் பெரும்பாலும் ஒதுக்குப்புறமாக அமைந்திருந்த அவ்விடங்களைத் தேடிச் செல்வதே அரிது. அங்கே அவர் கண்ட காட்சி ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தது. முதியோர், நோயாளிகள், அனாதைக் குழந்தைகள், மனநலம் குன்றியோர் என எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அடைக்கப்பட்டிருந்தனர். மனநோயாளிக்கு வேண்டியது மருத்துவம். குழந்தைக்கு வேண்டியது வீடு. முதியவருக்கு வேண்டியது அமைதி. மூவருக்கும் கிடைத்தது ஒரே சுவர். மனநலம் குன்றியோரை ஏழையர் இல்லங்களிலிருந்து அகற்றி, அவர்களுக்கெனத் தனி மருத்துவப் பராமரிப்பு அளிக்கவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அரசு மருத்துவமனைகளில் பெண் மருத்துவர்களைப் பணியமர்த்த வேண்டும் என்பதும் அவருடைய கோரிக்கை. தன் மனத்துயரை ஓர் ஆண் அதிகாரியிடம் வாய்திறந்து சொல்ல இயலாத பெண்களை அவர் எத்தனையோ பேரைப் பார்த்திருக்க வேண்டும்.

மனநோயாளிகளைப் பிறநாடுகளில் எவ்வாறு பேணுகின்றனர் என்று அறிய 1898 இல் ஐரோப்பா சென்றுவந்தார். அவரைப் பெரிதும் வருத்தியது பிறிதொன்று. தேர்தலில் கட்சி மாறினால் காப்பகங்களின் பணியாளர்களும் மாறினர். நோயாளியின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர், பயிற்சியால் அன்றிக் கட்சிக்குச் செய்த ஊழியத்தால் வேலை பெற்றவராக இருந்தார். பலமுறை சொல்லியும் பயனில்லாமற் போகவே, 1901 இல் பதவியைத் துறந்து வெளியேறினார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் அழைக்கப்பட்டு, 1909 வரை பணியாற்றினார். இடைப்பட்ட காலத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. சமூகப்பணியாளர்களுக்குப் பயிற்சியளிக்கும் பள்ளியைச் சிகாகோவில் உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். மனநலக் காப்பகங்களின் செவிலியருக்கும் உதவியாளருக்கும் 1908 இல் அப்பள்ளி ஒரு தனிப்பயிற்சியைத் தொடங்கியது. நோயாளிகளை வெறுமனே அடைத்துவைக்காமல், கைத்தொழிலிலும் விளையாட்டிலும் ஈடுபடுத்தித் தேற்றும் முறை அதில் கற்பிக்கப்பட்டது. இன்று தொழில்வழி மருத்துவம் என வளர்ந்துள்ள துறையின் தொடக்கப் பயிற்சிகளுள் அதுவும் ஒன்று. சிறார்க்கெனத் தனி நீதிமன்றம் 1899 இல் சிகாகோவில் அமைந்ததிலும், குற்றம் புரிந்த சிறுவர்களின் மனநிலையை ஆராயும் நிலையம் 1909 இல் தோன்றியதிலும் அவருக்குப் பங்குண்டு. மனநலம் பெற்று மீண்ட கிளிஃபோர்டு பீர்ஸ் அதே ஆண்டில் தொடங்கிய தேசிய மனநலக் குழுவிலும் அவர் உறுப்பினரானார்.

இதற்கிடையே நியூயார்க் நகரில் செவிலியராகத் தொண்டாற்றிய லில்லியன் வால்டு, ஹல் ஹவுஸில் முன்னர் வாழ்ந்த ஃபுளோரன்ஸ் கெல்லி ஆகியோர் ஒரு கேள்வியை எழுப்பியிருந்தனர். பருத்திக் காயைத் துளைக்கும் வண்டைப் பற்றி ஆராய அரசு அதிகாரிகளை அனுப்புகிறது. குழந்தைகளைப் பற்றி ஆராய ஏன் ஓர் அலுவலகம் கூடாது? இக்கேள்விக்கு விடை கிடைக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1912 ஏப்ரல் 9 ஆம் நாள் அதிபர் டாஃப்ட் கையெழுத்திட, குழந்தைகள் பணியகம் பிறந்தது. ஒரு வாரத்திற்குப் பின் ஜூலியா அதன் தலைவரானார். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் பணியகம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதற்பெண் அவர். கிடைத்த நிதி 25,640 டாலர், பணியாளர் பதினைவர். அவர்களைக் கொண்டு நாடு முழுவதிலும் உள்ள குழந்தைகளின் நலத்தை ஆராயவேண்டும்!

எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் நிறைவேறாது என்பதை உணர்ந்த ஜூலியா, ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்பதே அது. பென்சில்வேனியா மாநிலத்தின் எஃகு ஆலை நகரமான ஜான்ஸ்டவுனை முதலில் தேர்ந்தார். நகரம் சிறியது, பிறப்புகள் ஓரளவு ஒழுங்காகப் பதிவுசெய்யப்பட்டிருந்தன. பொதுவாக இத்தகைய ஆய்வுகள் இறப்புச் சான்றிதழ்களிலிருந்து தொடங்கும். ஜூலியாவின் முறை வேறு. 1911 ஆம் ஆண்டில் அங்கே பிறந்த குழந்தைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு, பெண் ஆய்வாளர்கள் ஒவ்வொரு தாயின் வீட்டுக் கதவையும் தட்டினர். குழந்தை உயிரோடிருந்தாலும் இறந்திருந்தாலும் கேள்விகள் ஒன்றே. தாய் பேறுகாலத்திற்கு முன் எந்நாள் வரை வேலை செய்தாள்? பின்னர் எத்தனை நாளில் எழுந்து வேலைக்குத் திரும்பினாள்? உடனிருந்தது யார்? தண்ணீர் எங்கிருந்து வந்தது? கணவரின் வருவாய் எவ்வளவு? தாய்மார் கதவைத் திறந்து, தயங்காமல் விடைசொன்னார்கள். அதுவரை அவர்களிடம் யாரும் இவற்றைக் கேட்டதில்லை.

குழந்தை இறந்தால் தாயின் அறியாமையையோ கவனக்குறைவையோ குறைகூறுவது அக்கால வழக்கம். பிள்ளையை இழந்த தாய் அப்பழியையும் சுமந்தாள். ஜான்ஸ்டவுன் அறிக்கை வேறொன்றைக் காட்டியது. தந்தையின் ஆண்டு வருவாய் 521 டாலருக்கும் குறைவாக இருந்த குடும்பங்களில், பிறந்த குழந்தைகளுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஓராண்டுக்குள் இறந்தது. 1,200 டாலரும் அதற்கு மேலும் வருவாய் உள்ள குடும்பங்களில் அவ்விகிதம் அதில் மூன்றில் ஒரு பங்களவே. கழிவுநீர் வடிகாலும் நல்ல தெருவும் இல்லாத பகுதிகளில் இறப்பு மிகுந்திருந்தது. வருவாயும் வடிகாலும் தாயின் கையில் இல்லை. புள்ளிவிவரம் என்றால் உயிரற்ற எண்கள் என்று கருதுவோர் உண்டு. அவ்வறிக்கையின் எண்கள் பல தாய்மாரின் தலைமேல் ஏற்றப்பட்டிருந்த பழியை இறக்கிவைத்தன. பின்னர் வேறு பல நகரங்களிலும் இவ்வாய்வு தொடர்ந்தது. விடை பெரிதும் மாறவில்லை.

பிறப்புகளைப் பதிவுசெய்யும் இயக்கத்தையும் பணியகம் முன்னின்று நடத்தியது. மகளிர் மன்றங்களைச் சேர்ந்தோர் தத்தம் ஊர்களில் வீடுவீடாகச் சென்று, பிறந்த குழந்தைகள் பதிவேட்டில் இருக்கின்றனவா என்று சரிபார்த்தனர். 1915 இல் பத்து மாநிலங்களும் தலைநகரும் மட்டும் கொண்டதாகப் பிறப்புப் பதிவு வட்டாரம் தொடங்கியது.

பணியகம் வெளியிட்ட இரு சிறுநூல்கள் தாய்மாரிடையே பெரும் வரவேற்பைப் பெற்றன. பேறுகாலப் பராமரிப்பு பற்றிய நூல் 1913 இலும், குழந்தை வளர்ப்பு பற்றிய நூல் 1914 இலும் வெளிவந்தன. இரண்டையும் எழுதியவர் ஐந்து பிள்ளைகளின் தாயான மேரி மில்ஸ் வெஸ்ட். இரண்டாம் நூல் 1921 ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ பதினைந்து இலட்சம் படிகள் மக்களைச் சென்றடைந்தது. நூலைப் பெற்ற தாய்மார் நன்றி தெரிவித்து எழுதினர். நன்றியோடு நில்லாமல் தங்கள் மனத்தையும் திறந்து எழுதினர்.

அக்கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. அடுத்தடுத்த பிள்ளைப்பேற்றால் ஓய்ந்துபோன பெண்கள், பிள்ளையை இழந்து தேற முடியாதவர்கள், கணவரின் அலட்சியத்தால் நொந்தவர்கள், பேச ஓர் ஆள் இல்லாத பண்ணைவீட்டில் பொழுதைக் கழிப்பவர்கள் என்று பலதிறத்தினர் எழுதினர். 1916 இல் வயோமிங் மாநிலத்திலிருந்து ஒரு பெண் எழுதினார். அவர் மூன்றாம் முறையாகக் கருவுற்றிருந்தார். முந்தைய இரு பேறுகளும் உடலைக் கடுமையாகச் சிதைத்திருந்தன. மருத்துவர் இருந்த இடமோ அறுபத்தைந்து மைல் தொலைவு. அண்டையில் பலர் பிள்ளைப்பேற்றில் இறந்ததைக் கண்ட அவரை, வரப்போகும் நாளைப் பற்றிய திகில் ஆட்கொண்டிருந்தது. அக்கடிதத்திற்கு ஜூலியா தாமே விடை எழுதினார். பொதுவாகவே, கடிதங்களை அச்சடித்த படிவத்தால் தீர்த்துவிடும் வழக்கம் அவருடைய பணியகத்தில் இல்லை. எழுதியவரின் நிலையைப் படித்து, அதற்கேற்ற விடை அனுப்பினர். உள்ளூர்த் தொண்டர்களுக்கும் தகவல் கொடுத்தனர். சிலவேளை ஊழியர்கள் தங்கள் கைப்பணத்திலிருந்தே உதவினர். பிரசவத்தை அஞ்சும் மனத்திற்குப் பெயரிட்டு மருத்துவம் செய்யும் துறை அன்று இல்லை. தொலைவில் ஓர் அலுவலகத்தில் யாரோ தன் கடிதத்தைப் படித்தார் என்பதே அப்பெண்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

பணியகத்தின் குறைகளும் கடிதங்களிலேயே வெளிப்படுகின்றன. கடிகாரம் பார்த்துப் பாலூட்டுக, அழுகின்ற குழந்தையை உடனே தூக்காதீர் என்றெல்லாம் நூல் கண்டிப்பாகக் கூறியது. மாட்டுத்தொழுவத்திற்கும் வயலுக்கும் அடுப்புக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த தாய்க்கு இவ்விதிகள் எட்டாக்கனி. பின்பற்ற முடியவில்லையே என்ற குற்றவுணர்வு மட்டும் மிஞ்சியது. அடுத்த கருவைத் தள்ளிப்போட வழியுண்டா என்று கேட்டுப் பலர் மன்றாடினர். அதைப் பற்றிப் பணியகம் வாய் திறக்கவில்லை. அக்காலச் சட்டமும் சமூகமும் கருத்தடை பற்றிய பேச்சையே தடைசெய்திருந்தன என்பது உண்மைதான்; ஆயினும், தாய்மாரின் அச்சத்துக்கு வேராக இருந்த கேள்விகளுள் ஒன்று விடையின்றியே நின்றது.

1917 இல் பணியகத்தின் மருத்துவரான கிரேஸ் மெய்க்ஸ் ஓர் அறிக்கை வெளியிட்டார். 1913 ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது 15,000 பெண்கள் மகப்பேறு தொடர்பான காரணங்களால் இறந்திருந்தனர். பதினைந்து முதல் நாற்பத்து நான்கு வயதுவரையுள்ள பெண்களைக் காசநோய்க்கு அடுத்தபடியாக மிகுதியாகக் கொன்றது பிள்ளைப்பேறுதான். அவற்றுள் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. அதே ஆண்டில் ஜூலியா ஒரு திட்டத்தை முன்வைத்தார். உழவர்களுக்கு வேளாண்மை அறிவைக் கொண்டுசெல்ல நடுவண் அரசும் மாநிலங்களும் செலவைப் பகிர்ந்துகொள்ளும் முறை 1914 இலேயே நடைமுறைக்கு வந்திருந்தது. அதே முறையில் தாய்மாருக்கும் பொதுநலச் செவிலியரையும் ஆலோசனை நிலையங்களையும் ஊர்ப்புறத்திற்குக் கொண்டுசெல்லலாமே என்பது அவர் திட்டம். தந்தையின் அலுவலகத்தில் சட்டம் பழகிய கை, இங்கே பழைய சட்டத்தின் அச்சிலேயே புதியதை வார்த்தது.

நாடாளுமன்றத்தின் முதற்பெண் உறுப்பினரான ஜெனட் ரேங்கின் 1918 இல் அதை முன்மொழிந்தார்; நிறைவேறவில்லை. பின்னர் ஷெப்பர்டு, டவுனர் என்னும் இரு உறுப்பினர்கள் எடுத்துச்சென்றனர். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. மருத்துவர் சங்கம் தன் தொழிலில் அரசு தலையிடுவதாகக் கருதியது. பிள்ளை பெறாத மணமாகாப் பெண்கள் தாய்மாருக்குப் பாடம் சொல்வதா என்று மேலவையில் எள்ளி நகையாடியோரும் இருந்தனர். ஜூலியா மணமாகாதவர், அவ்வேளனத்தின் குறி யார் என்பது வெளிப்படை. அவர் அதற்கு விடையிறுப்பதில் நேரத்தைச் செலவிடவில்லை; ஜான்ஸ்டவுன் எண்களையும் வயல்வெளி வீடுகளிலிருந்து வந்த கடிதங்களையும் தம் சான்றுகளாக நம்பினார். 1920 இல் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை கிடைத்தது. வாக்குப்பெட்டிக்கு வரப்போகும் புதிய வாக்காளர்களை எண்ணிப் பல உறுப்பினர்கள் மனம் மாறினர் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. கீழவையில் 279 பேர் ஆதரிக்க, 39 பேர் எதிர்க்க, 1921 நவம்பர் 23 ஆம் நாள் அதிபர் ஹார்டிங்கின் கையெழுத்துடன் அது சட்டமாயிற்று. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே ஜூலியா பதவியிலிருந்து விலகி, கிரேஸ் ஆபட் என்னும் தம் தோழரிடம் பொறுப்பை ஒப்படைத்திருந்தார்.

நாற்பத்தைந்து மாநிலங்கள் திட்டத்தை ஏற்றன. செவிலியர்கள் இலட்சக்கணக்கான வீடுகளுக்குச் சென்றனர். ஏற்க மறுத்தவை மூன்று மாநிலங்கள். அவற்றுள் ஒன்று ஜூலியா பிறந்து வளர்ந்து 102 மாவட்டங்களும் சுற்றிய இல்லினாய். அப்போது அவர் அம்மாநில மகளிர் வாக்காளர் கழகத்தின் தலைவர். நாட்டுக்கே சட்டம் தந்தவருக்குத் தம் சொந்த மாநிலத்தில் அதை நுழைக்க இயலவில்லை. சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தில், ஆயிரம் பிறப்புகளுக்கு 76 ஆக இருந்த குழந்தை இறப்பு 68 ஆகக் குறைந்தது. தாய்மார் இறப்போ அவ்வாறு குறையவில்லை. அறிவுரை மட்டும் போதாது, மருத்துவமும் வேண்டும் என்பதை அது காட்டியது. எதிர்ப்பாளர்களின் கை ஓங்கியதால் 1929 இல் சட்டம் காலாவதியானது.

ஜூலியா இறுதி ஆண்டுகளைப் பிறந்த ஊரான ராக்ஃபோர்டில் கழித்தார். பன்னாட்டுச் சங்கத்தின் குழந்தை நலக் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார். எழுபதைக் கடந்த வயதிலும், அவ்வூரில் கொலைக்குற்றத்திற்காக மரணதண்டனை விதிக்கப்பட்ட பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனின் உயிரைக் காக்கப் போராடினார். 1932 ஏப்ரல் 15 ஆம் நாள் அவர் மறைந்தபோது அவ்வழக்கு முடியவில்லை. மறு ஆண்டில்தான் தண்டனை குறைக்கப்பட்டது. அதே 1933 இல் டெக்சாஸ் மாநிலமும் சேர்ந்ததால், பிறப்புப் பதிவு வட்டாரம் நாடு முழுவதையும் உள்ளடக்கியது. 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தாய் சேய் நலத்திற்கான நிதி மீண்டும் இடம்பெற்றது. தாய்மார் எழுதிய கடிதங்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில், குழந்தைகள் பணியகத்தின் கோப்புகளுக்குள் இன்றும் இருக்கின்றன.